கீழக்கரைத் தண்ணீரில் பாகமாரா காபி போடும் விதம்

போன மாதம் தம்பி துபாயிலிருந்து வந்தபோது 250 கிராம் காபிக்கொட்டைப் பை ஒன்றை என் கையில் கொடுத்து, "லாத்தா, இதுல பால் ஊத்திராதீங்க" என்றான். பையைப் பிரித்து ஒரு கொட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சின்னப் புளியங்கொட்டை அளவு இருந்தது. வீட்டில் எப்போதும் வாங்கும் பீபெரியைப் பக்கத்தில் வைத்தால் அது மிளகு மாதிரி தெரிந்தது.

இதன் பெயர் பாகமாரா. ஊர் மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர். அங்கே 1949-ல் பூர்பன் என்ற காபி ரகச் செடிகளுக்கு நடுவே குட்டையான ஒரு செடி தானாக முளைத்தது. கண்டெடுத்த தோட்டக்காரக் குடும்பத்தின் பெயரால் அதைப் பாகாஸ் என்றார்கள். இன்னொரு பக்கம், பிரேசிலின் மரகோஜிப்பே ஊர்ப் பக்கம் 1870 வாக்கில் கண்ட, அந்த ஊர்ப் பெயரையே கொண்ட பெரிய கொட்டை ரகம் இருந்தது. எல் சால்வடோரின் காபி ஆராய்ச்சி நிலையம் 1958-ல் இந்த இரண்டையும் கலந்து புது ரகம் உண்டாக்கத் தொடங்கியது. பெயரும் இரண்டின் முன்பாதியைச் சேர்த்ததுதான். குட்டைச் செடியும் பெரிய கொட்டையும் ஒன்றாகக் கிடைத்தன. ஆனால் விதை போட்டால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வராது, சிலது பாகாஸ் பக்கமே திரும்பிவிடும். மரகோஜிப்பேயின் மூலமான டிப்பிகா ரகம், 1690-களில் நம் மலபார் கரையிலிருந்து ஜாவாவுக்கு விதையாகப் போய், அங்கிருந்து உலகம் சுற்றியது. அதைப் படித்ததிலிருந்து இந்தக் கொட்டை எனக்கு அந்நியமாகவே படவில்லை.

சரி, போடும் விதத்துக்கு வருகிறேன். நம் கரையில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். இந்தக் காபியின் உயிரே அதன் புளிப்பில்தான் இருக்கிறது. நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற உப்பு அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். முதல் நாள் நான் அந்தத் தண்ணீரில்தான் போட்டேன். சுண்ணாம்பு கரைத்த மாதிரி சப்பென்று இருந்தது. மறுநாள் கேன் தண்ணீர் மட்டும் வைத்துப் போட்டதில் புளிப்பு கூர்மையாக வந்தது, ஆனால் காபிக்குக் கனமே இல்லை. இப்போது நான்கு பங்கு கேன் தண்ணீருக்கு ஒரு பங்கு காவிரிக் குழாய்த் தண்ணீர் கலக்கிறேன். எனக்கு இதுதான் சரியாக வருகிறது. நீங்கள் உங்கள் தெருத் தண்ணீரை வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்ட நம் பித்தளை ஃபில்டர் வேண்டாம். அதில் மெதுவாக இறங்கும் டிகாஷன் பாலுக்கு ஏற்றது. டீக்கடையில் கம்பி வளையத்தில் தொங்கும் துணி வடிகட்டி போதும். கோஸ்டா ரிக்காவில் மரச் சட்டத்தில் துணிப்பை மாட்டி இப்படித்தான் காபி வடிக்கிறார்கள். புதுத் துணியானால் கஞ்சி வாடை போக இரண்டு முறை வெந்நீரில் கொதிக்கவையுங்கள்.

ஒரு கப்புக்கு 15 கிராம் கொட்டை, 240 மில்லி தண்ணீர். போடுகிற நேரத்தில்தான் அரைக்க வேண்டும், பதம் உப்புமா ரவை மாதிரி. கை மெஷினில் இந்தப் பெரிய கொட்டை வாயிலேயே சிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி ஒரு நிமிஷம் விடுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்கு, ஒரு 40 மில்லி, ஊற்றி அரை நிமிஷம் காத்திருங்கள். புதுக் கொட்டையானால் தூள் இட்லி மாதிரி உப்பி வரும், அடுக்களை முழுக்க மணக்கும். அப்புறம் மீதியை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி, மூன்று தவணையாக ஊற்றுங்கள். மூன்று, மூன்றரை நிமிஷத்தில் வடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கசக்கும், அடுத்த முறை கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள்.

சுடச்சுடக் குடிக்காதீர்கள். உம்மா முதல் வாயிலேயே "புளிக்குதே" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்கள். பத்து நிமிஷம் கழித்து அதே டம்ளரை எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "கிச்சிலிப்பழத் தோலைக் கிள்ளின மணம் வருது" என்றார்கள். எனக்கும் அப்படித்தான்: சூட்டில் கோகோ வாசம், ஆற ஆற கிச்சிலி, கடைசியில் நாக்கில் ஏதோ பச்சிலை வாசம் மெலிதாக. கருப்பட்டி போட்டால் இதெல்லாம் மறைந்துவிடும். அவசியமென்றால் பனங்கற்கண்டு ஒரு துண்டு, அதுவும் ஆறின பிறகு.

பத்திரப்படுத்துவதிலும் நம் ஊருக்கென்று ஒரு கவனம் வேண்டும். கடல்காற்றில் திறந்து வைத்தால் கொட்டை நமத்துப்போகும். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், நம் வீடுகளில் மீன் இல்லாத ஃபிரிட்ஜ் ஏது? காபி அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். வந்த பையிலேயே காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, இறுக்கமான டப்பாவுக்குள் போட்டு இருட்டில் வையுங்கள். வறுத்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

துணியைச் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசி, நல்ல தண்ணீரில் அமிழ்த்தி வைக்கிறேன். ஒரு பைக்கு 16 கப் வரும். எங்கள் பையில் இன்னும் ஐந்து இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா வந்ததும் ஒன்று போடப்போகிறேன்.