கடலில் ஃப்ளை ஃபிஷிங்: முதல் மீன் கவ்வும்போது கம்பைத் தூக்காதீர்கள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இறகும் நூலும் கட்டிய பொய் இரைக்கு எடை மிகக் குறைவு. தடித்த லைனின் எடைதான் அதைச் சுமந்து போகிறது. அதனால் வீசும் முறையே வேறு. பஹாமாஸ், கிரிபாட்டியின் கிறிஸ்துமஸ் தீவு போன்ற இடங்களுக்கு இதற்கென்றே ஆட்கள் போகிறார்கள், பெரும்பாலும் கரையோர ஆழமற்ற தண்ணீரில் மேயும் போன்ஃபிஷ் என்ற மீனைத் தேடி.

1. கிளம்பும் முன்

புல்வெளியில் 40 அடி தள்ளி ஒரு தட்டை வையுங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று ஆட்டத்துக்குள் லைன் அங்கே போய் விழ வேண்டும். எதிர்க்காற்றிலும் பழகுங்கள். 80 அடி வீசும் ஆசையெல்லாம் அப்புறம்.

2. சாமான்கள்

9 அடி நீள, 8ஆம் எண் கம்பு (எந்த எடை லைனுக்கு ஏற்றது என்பதைச் சொல்லும் எண்). உப்புநீர் தாங்கும், நல்ல பிரேக் உள்ள ரீல். மிதக்கும் லைன், அதற்குப் பின்னால், மீன் தூரம் ஓடினால் விட்டுக்கொடுக்கச் சுமார் 200 கெஜம் பேக்கிங் என்ற மெல்லிய நூல். பல வழிகாட்டிகளே இவற்றைக் கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் போலரைஸ்டு கண்ணாடியை மட்டும் கட்டாயம் நீங்களே கொண்டு போங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரின் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியாது.

3. வழிகாட்டியோடு

"நான் புதுசு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தத் திட்டுக்கு எப்போது போவது என்பதைக் கடலின் ஏற்றவற்றம் பார்த்து அவர் முடிவு செய்வார். அதில் வாதாட வேண்டாம். திசையை அவர் கடிகார மணியில் சொல்வார்: படகின் அணியம், அதாவது முன்முனை, 12 மணி. வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. "பத்து மணி, நாற்பது அடி" என்று அவர் சொன்னதும் முதலில் கம்பை அந்தப் பக்கம் நீட்டிக் காட்டுங்கள். "இன்னும் இடது" என்று திருத்துவார். மீனைத் தேடாமல் அதன் நிழலைத் தேடுங்கள். போன்ஃபிஷ்ஷின் உடம்பு கண்ணாடி மாதிரி, மணலின் நிறத்தையே காட்டும்.

இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும்.

4. கவ்வும் நொடி

இரையை மீனின் தலையில் போடாமல், அது போகும் வழியில் சில அடி முன்னால் போடுங்கள். அடியில் இறங்கட்டும். கம்பு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தி, இறால் தத்துவது போல லைனைக் கையால் சிறிது சிறிதாக இழுங்கள். மீன் பின்தொடரும். சட்டென்று பாரம் தெரியும்.

இங்கேதான் நான் முதல் மூன்று மீன்களை விட்டேன். ஏரியில் பழகிய கை, தானாகக் கம்பை மேலே தூக்கிவிட்டது. முள் வாயில் ஏறவே இல்லை. கம்பை அசைக்காமல், லைனை மட்டும் நீளமாக, அழுத்தமாக இழுங்கள். முள் ஏறியபின் கம்பைத் தூக்கலாம். உடனே மீன் பாயும். காலடியில் கிடக்கும் லைன் விரலிலோ பொத்தானிலோ சிக்காமல் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடுகிற ரீலைப் பிடித்து நிறுத்தினால் நரம்பு அறும்.

5. விடுவது

முள் நுனிக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். பக்கத்தில் சுறா தெரிந்தால் மீனை விடும் இடத்தை வழிகாட்டியிடம் கேளுங்கள். களைத்த மீனைச் சுறா விடாது.

சாயங்காலம் ரீலையும் கம்பையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அலுப்பில் ஒரு நாள் விட்டேன், மறுநாள் காலை ரீலின் பிடி நரநரவென்று சுற்றியது.