மரச்சீனிக் கொழுந்து சுருண்டால் முதலில் செய்ய வேண்டியது

மழை ஓய்ந்து மாசி, பங்குனி வெயில் ஏறும்போதுதான் இது தலைகாட்டும். மரச்சீனியின் (மரவள்ளியின்) நுனிக்கொழுந்து விரியாமல் சுருண்டு கொத்தாகிவிடும். கணுக்கள் நெருங்கித் தண்டு கோணும். கொத்தைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு, அந்த மாவுக்குள் மாவுப்பூச்சி.

குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்கள் முப்பது சென்ட் விளையில் (தோட்டத்தில்) முதன்முதலில் இதைப் பார்த்தபோது, கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தேன். சில வாரங்களில் முன்னைவிட அதிகமாக வந்தது. மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு, இருப்பதோ சுருண்ட இலைக்குள். மருந்து எப்படிப் போய்ச் சேரும்? மாவுப்பூச்சியைத் தின்ன வந்தவைதான் செத்தன. அதனால் சொல்கிறேன், தெளிப்பானைக் கையில் எடுக்கும் முன் ஒரு கொத்தைப் பிரித்து நன்றாகப் பாருங்கள்.

மாவைத் துடைத்தால் உடல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அது மரச்சீனி மாவுப்பூச்சி. மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி, அது வேறு. சந்தேகமாக இருந்தால் கொத்தை ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில், உப்பிக் கெட்டியான கூடுகள் தெரிகிறதா, சிலவற்றில் சிறு துளை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் விளைக்குக் குளவி வந்துவிட்டது. அனகைரஸ் லோபெசி என்று பெயர். எறும்பைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, செத்த பூச்சியின் கூட்டைத் துளையிட்டுக் குளவியாக வெளியே வரும்.

அது நம் ஊருக்கு வந்த வழி நீளமானது. தென் அமெரிக்காவில் பிறந்த மரச்சீனி மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரச்சீனியை அன்றாடம் உண்ணும் மக்களின் வயல்களை அழித்தது. 1981இல் பராகுவேயில் இதன் எதிரியான குளவியைக் கண்டுபிடித்தார்கள். நைஜீரியாவின் இபாதானிலிருந்து ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் நாட்டவரின் குழு அதை வளர்த்துப் பல நாடுகளில் விட்டது. அதற்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020இல் பூச்சி திருச்சூரில் தென்பட்டது. மறுவருடம் பெனின் நாட்டிலிருந்து குளவி பெங்களூருக்கு வந்தது. 2022இல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். யாரும் அதற்கு உரிமை கொண்டாடிப் பூட்டி வைக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். 1942இல் போரால் பர்மா அரிசி வரத்து நின்றபோது, அப்போது திருவிதாங்கூரில் இருந்த நம் ஊர்களில் பல அடுப்புகளில் மரச்சீனிதான் வெந்தது. எங்கள் பாட்டி மூன்று வேளையும் அதைத் தின்று வளர்ந்தவர்.

சரி, வேலைக்கு வருவோம். பழுப்புக் கூடு உள்ள கொத்தைப் பறிக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். கூடே இல்லாத கொத்துகளை மட்டும் ஒடித்து சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். வரப்பில் எறிந்தால் காற்றிலேயே பரவும். எறும்புப் புற்று இருந்தால் கலைத்துவிடுங்கள். இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், குளவியை விரட்டும். குளவியே வரவில்லை என்றால் அதே நிலையத்தில் கேளுங்கள்.

நடுவதற்கு வெட்டும் தண்டுக் கம்பு விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே இருங்கள். பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நடவுக் கம்பில்தான். ஆண் இல்லாமலே பெருகும் இனம் என்பதால் ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தாலும் போதும். அறுவடையின்போது சுத்தமான மூடுகளில் (செடிகளில்) துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றிலிருந்து மட்டும் கம்பு எடுங்கள். மேல்நுனியை வெட்டிவிட்டு நிழலில் நிமிர்த்தி வையுங்கள். சித்திரை மழைக்கு நட எடுக்கும்போதும், பக்கத்து வீட்டுக்காரர் நாலு கம்பு கேட்டு வந்தாலும், ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.