டெக்சாஸில் ஹெம்ப் கம்மி: கடையில் விற்கிறதே என்று வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

டாலஸ் பக்கம் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினால், கல்லாவுக்குப் பக்கத்தில் சூயிங்கமும் லைட்டரும் தொங்கும் வரிசையிலேயே ஹெம்ப் கம்மியும் (மெல்லும் ஜெல்லி மிட்டாய்) தொங்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்குத் தூக்கமில்லை. "செடியிலிருந்து எடுத்ததுதானே, கடையிலேயே விற்கிறானே" என்று ஒரு டப்பா வாங்கி வந்துவிடுகிறோம். அந்தக் "கடையிலேயே விற்கிறானே"வில்தான் வில்லங்கம் இருக்கிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஹெம்ப்பைத் தமிழில் 'சணல்' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் சாக்குப்பை நினைவோடு நகர்ந்துவிடுகிறார். சாக்குச் சணல் வேறு செடி. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான், சட்டம் அதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2018 டிசம்பரில் வந்த அமெரிக்க வேளாண் சட்டம் ஒரு கோடு போட்டது: போதை தரும் பொருளான டெல்டா-9 டிஎச்சி உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் ஹெம்ப், தாண்டினால் கஞ்சா. 2019 ஜூனில் ஹவுஸ் பில் 1325 மூலம் டெக்சாஸும் அதே கோட்டை எடுத்துக்கொண்டது. ஆனால் டெக்சாஸில் கஞ்சா இன்றும் குற்றம். கஞ்சா விற்பனையை முழுதாக அனுமதித்த கொலராடோ மாநிலத்தின் நிலைமை இங்கே இல்லை.

"0.3 சதவீதம்தானே, போதையெல்லாம் ஏறாது" என்பது அடுத்த தவறு. அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். செடியை மனதில் வைத்து எழுதிய விகிதம் அது. தின்பண்டத்துக்குப் போட்டால் கதை மாறிவிடுகிறது. 5 கிராம் எடையுள்ள ஒரு கம்மியில் 0.3 சதவீதம் என்றால் 15 மில்லிகிராம். அந்தக் கொலராடோவிலேயே தின்பண்டத்தில் ஒரு வேளை அளவுக்கு 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. 355 மில்லிலிட்டர் பானத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும்! அவ்வளவு யாரும் போடுவதில்லை, போடவும் தேவையில்லை. ஆக, டப்பாவில் 'ஹெம்ப்' என்று இருப்பதற்கும் போதை இல்லாததற்கும் சம்பந்தமே கிடையாது. போதை தராத சிபிடி மட்டும் உள்ளது வேறு, போதை தரும் டெல்டா-9, டெல்டா-8 என்று எழுதியிருப்பது வேறு. அம்மாவுக்குக் கொடுக்கும்முன் அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிடுங்கள்.

லேபிளையே முழுதாக நம்புவதும் தவறுதான். டெக்சாஸ் சட்டப்படி டப்பாவில் தொகுதி (பேட்ச்) எண்ணும், ஆய்வகச் சான்றிதழுக்குப் போகும் இணைய முகவரியும் இருக்க வேண்டும். பெரும்பாலும் க்யூஆர் கோடாக இருக்கும். ஸ்கேன் செய்து, சான்றிதழில் உள்ள தொகுதி எண் கையிலிருக்கும் டப்பாவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். க்யூஆர் கோடு எந்தப் பக்கத்துக்கும் போகவில்லையென்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

இப்போது மிகவும் விலை கொடுக்கவைக்கும் தவறு. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் 2022 ஏப்ரல் முதல் 21 வயது ஆனவர்களுக்குக் கஞ்சாவைக் கடையிலேயே விற்கிறார்கள். விடுமுறைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு கம்மிப் பெட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காரில் திரும்புகிறார்கள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி கம்மிதான். ஆனால் அது கஞ்சாவிலிருந்து எடுத்தது, டெக்சாஸ் எல்லைக்குள் ஹெம்ப் என்ற போர்வை அதற்குக் கிடையாது. டெக்சாஸில் இரண்டு அவுன்ஸுக்குள் கஞ்சாப் பூ வைத்திருந்தால் கிளாஸ் பி எனும் சிறுகுற்றம், அதிகபட்சம் 180 நாள் சிறை. அதிலிருந்து பிரித்தெடுத்த டிஎச்சிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். அதைவிடப் பெரிய சிக்கல் எடை போடும் விதம். டிஎச்சியை மட்டும் பிரித்து எடை போடமாட்டார்கள், சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்ந்த மொத்த எடைதான் கணக்கு. 4 கிராமிலிருந்து 400 கிராம் வரை இரண்டாம் நிலை பெருங்குற்றம், 2 முதல் 20 ஆண்டு வரை தண்டனை. ஒரே ஒரு கம்மி 4 கிராமைத் தாண்டிவிடும். சட்டம் எழுதியவர்கள் கம்மியை நினைத்து எழுதவில்லை என்பது என் எண்ணம். அதற்காகப் பிரிவு மாறிவிடவில்லை.

செய்தியைப் பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. 2025 மே மாதம் டிஎச்சி பொருட்களை மொத்தமாகத் தடைசெய்யும் செனட் பில் 3 சட்டமன்றத்தில் நிறைவேறியது. "தடை வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதோடு பலர் நின்றுவிட்டார்கள். ஜூன் 22 இரவு ஆளுநர் கிரெக் அபட் அதை ரத்து செய்தார். பிறகு கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடர்களிலும் எதுவும் தேறவில்லை. வேறு சிலரோ, ரத்தான செய்தியை மட்டும் படித்துவிட்டு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நினைத்தார்கள். அதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் ஹெம்ப் சரக்கு உள்ள வேப்களை (மின் சிகரெட்டுகளை) விற்பது தனிச் சட்டப்படி குற்றம். செப்டம்பர் 10 அன்று ஆளுநர் போட்ட ஆணையைத் தொடர்ந்து, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது, அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

'டிஎச்சிஏ பூ' என்றும் ஒன்று உண்டு. பச்சையாக இருக்கும்போது டெல்டா-9 குறைவாகக் காட்டும், சூடு பட்டதும் டிஎச்சியாக மாறிவிடும். பார்க்கவும் முகரவும் கஞ்சாவேதான். சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் மூக்கால் 0.3 சதவீதத்தை அளக்க முடியாது. 2019இல் சட்டம் வந்த புதிதில் அரசு ஆய்வகங்களாலேயே அளவைப் பிரித்துச் சொல்ல முடியாமல், டெக்சாஸில் நூற்றுக்கணக்கான கஞ்சா வழக்குகளைக் கைவிட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்றைக்கு உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும், கைதாகி, ஜாமீன் எடுத்து, வக்கீல் வைத்து, ஆய்வக முடிவு வந்த பிறகுதான் அது நிரூபணமாகும்.

அப்புறம் கார். டெக்சாஸில் போதையில் வண்டி ஓட்டும் குற்றத்துக்கு எந்தப் பொருளால் நிதானம் தவறியது என்பது முக்கியமில்லை. கடையில் ரசீதோடு வாங்கியது என்பது சமாதானம் ஆகாது. வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படித்தான். டிஎச்சி ஹெம்ப்பிலிருந்து வந்ததா, கஞ்சாவிலிருந்து வந்ததா என்று அது கேட்காது.

விசாவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் இரட்டைப் பங்கு. போதையில் ஓட்டிக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவை ரத்து செய்ய அமெரிக்கத் தூதரகங்களுக்கு அதிகாரம் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள். மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா தொடர்பான செயல் அதைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019இலேயே வழிகாட்டுதல் எழுதிவிட்டது. நாள்பட்ட வலிக்கு டாக்டர் வழியாகவே வாங்கலாமே என்று கேட்கலாம். டெக்சாஸின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் 2025 செப்டம்பரில் நாள்பட்ட வலியையும் சேர்த்தார்கள், உண்மைதான். ஆனால் நோயாளி டெக்சாஸில் நிரந்தரமாக வசிப்பவராக இருக்க வேண்டும். ஆறு மாதம் தங்கிப்போக வந்த அம்மாவுக்கு அது பொருந்தாது.

மிச்சத்தை அவர் ஊருக்கு எடுத்துப்போக வேண்டாம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 0.3 சதவீதம் என்ற கோடே கிடையாது. வழியில் இறங்கி ஏறும் துபாயிலும் சிங்கப்பூரிலும் டிஎச்சி தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். பெட்டியில் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் தெரியாமல் கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர்தான்.

இன்னொரு தேதியும் இருக்கிறது. 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான மத்திய நிதிச் சட்டத்தில் ஹெம்ப்பின் வரையறையையே மாற்றிவிட்டார்கள். இனி எல்லா வகை டிஎச்சியையும் கூட்டித்தான் கணக்கு, தின்னவும் குடிக்கவும் விற்கும் ஒரு முழு டப்பாவுக்கே 0.4 மில்லிகிராம்தான் வரம்பு. அமலுக்கு வர ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். இடையில் அமெரிக்கக் காங்கிரஸ் தேதியைத் தள்ளிவைக்காவிட்டால், 2026 நவம்பரில் அலமாரியில் மிச்சமிருக்கும் 10 மில்லிகிராம் கம்மி மத்திய சட்டத்தின் கண்ணில் ஹெம்ப் இல்லை, கஞ்சா.