ராமானுஜன் பகா எண்களைக் கூட்டும்போது எங்கே தப்புகிறது?

டிசம்பர் 22 தேசியக் கணித நாளுக்கு ஈரோடு, கோபி பக்கத்துப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்வதென்றால் ராமானுஜன் பகா எண்களை எடுங்கள் என்றுதான் சொல்வேன். 1887-இல் ஈரோட்டில் பிறந்தவருடைய எண்களை நாம் எடுக்காமல் வேறு யார் எடுப்பது? 1919-இல் அவர் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரையிலேயே 2, 11, 17, 29, 41 இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 2, 13, 30, 59, 100 என்று வரும். ஆனால் இரண்டாவது எண்ணிலேயே பலருக்குக் கணக்கு புரண்டுவிடுகிறது.

வரையறையை அரைகுறையாகப் படிப்பதுதான் காரணம். ஓர் எண்ணின் பாதியைத் தாண்டி அந்த எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ராமானுஜன் எண்ணுக்கு அப்படி இரண்டு பகா எண்கள் வேண்டும், மூன்றாவதற்கு மூன்று. இரண்டுதான் வேண்டுமென்றால் 3-லேயே 2, 3 கிடைக்கிறதே, அப்புறம் ஏன் 11? சரி, 4-க்குப் போய்ப் பாருங்கள், 3 மட்டும்தான் மிச்சம். 7, 8, 9 மூன்றிலும் 5, 7 என இரண்டு இருக்கும், 10-க்கு வந்ததும் பாதியே 5 ஆகிவிடுவதால் அது கழன்று 7 தனியாக நிற்கும். 11-இல் 7, 11. அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் போனாலும் இரண்டுக்குக் கீழே இறங்காது, அந்த ‘அதற்குப் பிறகு எப்போதும்’ என்பதுதான் வரையறையின் உயிர்; அப்படி இனி இறங்கவே இறங்காது என்கிற முதல் எண்தான் ராமானுஜன் பகா எண். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும்போது பாதியையும் சேர்த்து எண்ணிவிட்டால் 10-இல் 5 உள்ளே வந்துவிடும், 11 காணாமல் போய் அங்கே 3 உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கூட்டுத்தொகை எதுவும் சரியாக வராது.

முதல் சில எண்களைப் பார்த்துவிட்டுச் சூத்திரம் எழுதாதீர்கள். எல்லாப் பகா எண்களையும் வரிசையாகக் கூட்டினால் 2, 5, 10, 17. வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டியது போலவே இருக்கும், அடுத்து 26 வர வேண்டிய இடத்தில் 28 வரும். நம் வரிசையிலும் ஐந்தாவது 100, பத்தாவது 441, இரண்டும் வர்க்க எண்கள்தான், ஆனால் எல்லாமே அப்படி இல்லை என்று நடுவில் இருக்கிற 147-ஐயும் 206-ஐயும் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரட்டைப் பகா எண்களை, அதாவது 2 வித்தியாசத்தில் வருகிற பகா எண் ஜோடிகளை, எடுப்பவர்கள் 5-ஐக் கவனியுங்கள். அது 3-ஓடும் ஜோடி, 7-ஓடும் ஜோடி. ஜோடி ஜோடியாகக் கூட்டினால் 8, 20, 44; ஒரு எண்ணை ஒரு தடவைதான் என்றால் 8, 15, 39. இரண்டுமே சரி, எதை எடுத்தீர்கள் என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் மூன்று புள்ளி வைத்து ‘முடிவில்லாமல் போகும்’ என்று மட்டும் எழுத வேண்டாம், ராமானுஜன் எண்களுக்கு அது நிரூபணமானது, இரட்டைகளுக்கு இன்னும் இல்லை. 2013-இல் கணிதவியலாளர் ஈத்தாங் சாங் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்ததும் இடைவெளி 7 கோடிக்குள் இருக்கிற ஜோடிகளுக்குத்தான்.