வைட் ரிசீவர்களை மதிப்பிட்டு வாதிடுவது எப்படி? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குப் புதிய ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

2022 ஏப்ரலில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) 10ஆம் தேர்வாகக் கேரட் வில்சனும், 11ஆம் தேர்வாகக் கிறிஸ் ஒலாவேயும், 12ஆம் தேர்வாக ஜேம்சன் வில்லியம்ஸும் அடுத்தடுத்து அழைக்கப்பட்டனர். மூவரும் வைட் ரிசீவர்கள், அதாவது எறியப்படும் பந்தை ஓடிச்சென்று பிடிக்கும் வீரர்கள். மூவரும் 2020ஆம் ஆண்டில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக இருந்தவர்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளியை விட்டு அவர்கள் வெளியே வந்தபோது வில்சனுக்கு 5 நட்சத்திரங்களும், வில்லியம்ஸுக்கு 4 நட்சத்திரங்களும், ஒலாவேக்கு 3 நட்சத்திரங்களும் மதிப்பீட்டு நிறுவனங்களால் தரப்பட்டிருந்தன. பள்ளி மாணவர் ஒருவர் கல்லூரி அணிக்கு வருவதாக அறிவித்தவுடன் ரசிகர்களிடையே தொடங்கும் வாதம் பெரும்பாலும் அந்த நட்சத்திர எண்ணிலேயே நின்றுவிடுகிறது. அந்த எண்ணைத் தாண்டி எதைப் பார்ப்பது, பார்த்ததை எப்படி வாதமாக்குவது என்பதைப் புதிதாக வரும் ரசிகருக்குப் படிப்படியாகச் சொல்வதே என் நோக்கம்.

படி 1: களத்தில் அவர் நிற்கப்போகும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் 11 பேரில் குறைந்தது 7 பேர் பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டின்மீது நிற்க வேண்டும் என்பது பொதுவாகக் கற்றுக்கொள்ள வேண்டிய விதி. வைட் ரிசீவர்களில் ஒருவர் அந்தக் கோட்டின்மீதே, பெரும்பாலும் களத்தின் ஓரத்தில் தனித்து நிற்பார். அவரை எக்ஸ் என்பார்கள். எதிர் அணியின் கார்னர்பேக் (ரிசீவரைத் தடுக்கும் வீரர்) அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்று, அவர் புறப்படும்போதே கையால் தடுக்கலாம் என்பதால், எக்ஸ் இடத்துக்கு வலிமையும் கை வேகமும் வேண்டும். மறுபுறம் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர் இசட். முன்னோக்கி ஓட அவருக்குச் சற்று இடைவெளி கிடைக்கிறது. உள்பக்கத்தில், தன் அணியின் பெரிய தடுப்பாளர்களுக்கு அருகே நிற்பவர் ஸ்லாட் ரிசீவர். அவருக்கு இரு பக்கமும் திரும்ப இடம் உண்டு.

உயரம் குறைந்தவர் என்ற காரணத்துக்காக ஒரு மாணவரைக் குறைத்து மதிப்பிடுபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எந்த இடத்துக்கு என்பதே. இந்தக் கேள்விக்கு விடை வராத வாதத்தைத் தொடர்வதில் பயனில்லை.

படி 2: நட்சத்திரங்களைச் சரியாகப் படியுங்கள்

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இஎஸ்பிஎன் ஆகியவை நன்கு அறியப்பட்ட மதிப்பீட்டு நிறுவனங்கள். பல நிறுவனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிடும் கூட்டு மதிப்பீடு ஒன்றையும் 247ஸ்போர்ட்ஸ் வெளியிடுகிறது. இந்நிறுவனம் 5 நட்சத்திரம் தருவது ஓர் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்குத்தான். என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 தேர்வுகள் இருப்பதையே இந்த எண் பின்பற்றுகிறது. ஆகவே 5 நட்சத்திரம் என்பது மாணவர் இன்று எப்படி ஆடுகிறார் என்பதைவிட, மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் எங்கே இருப்பார் என்ற கணிப்பையே குறிக்கிறது.

இந்தக் கணிப்பை முற்றிலும் ஒதுக்குவதும் தவறு. 2024ஆம் ஆண்டு வகுப்பில் (அந்த ஆண்டு கல்லூரி அணிகளில் சேர்ந்த மாணவர்களில்) கூட்டு மதிப்பீட்டின் முதலிடத்தில் இருந்த ஃபுளோரிடாவின் ஜெரமையா ஸ்மித், ஒஹாயோ ஸ்டேட் அணியில் முதல் ஆண்டிலேயே 76 பந்துகளைப் பிடித்து, 1,315 யார்டுகளும் (அணியை முன்னேற்றிய தூரம்) 15 டச்டவுன்களும் (எதிரியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) எடுத்தார்; அணியும் அந்தப் பருவத்தில் தேசியப் பட்டம் வென்றது. மறுபுறம், லூசியானா ஸ்டேட் அணிக்கு 3 நட்சத்திரங்களுடன் வந்த ஜஸ்டின் ஜெஃபர்சன் 2020 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே தேர்வானார். எந்தப் பெரிய அணியும் அழைக்காததால் ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கூப்பர் கப், பின்னர் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் விருதை வென்றார்.

குறைந்த நட்சத்திரம் கொண்டவரைக் கண்டால், மதிப்பிட்டவர்களுக்கு எது கிடைக்காமல் போனது என்று விசாரியுங்கள். ஒலாவே பள்ளி மாறியதால் மூன்றாம் ஆண்டில் ஆட முடியவில்லை. மதிப்பீட்டாளர்கள் மிகுதியாகப் பார்க்கும் ஆண்டு அதுதான். ஒஹாயோ ஸ்டேட்டின் பயிற்சியாளர் ரயன் டே, கலிஃபோர்னியாவில் உள்ள அந்தப் பள்ளிக்கு அங்கிருந்த குவாட்டர்பேக்கை (பந்தை எறியும் வீரரை) பார்க்கச் சென்ற இடத்தில்தான், அவர் எறிந்த பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்த ஒலாவேயைக் கவனித்தார். 3 நட்சத்திரத்துக்கான காரணம் திறமைக் குறைவா, காட்சிக் குறைவா என்பதைப் பிரித்தறிந்தால் உங்கள் வாதம் பாதி முடிந்துவிட்டது.

படி 3: பந்து வருவதற்கு முன் நடப்பதைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மாணவர்களின் ஹைலைட் காட்சிகள் பொதுவாக அவர்களாலோ அவர்கள் குடும்பத்தாராலோ தொகுக்கப்படுபவை. அவற்றில் தவறவிட்ட பந்து இருக்காது, சோம்பி நடந்த ஆட்டமும் இருக்காது. ஒரு முழு ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், பத்து ஹைலைட் தொகுப்புகளைவிட அது மேலானது. முழு ஆட்டம் கிடைத்ததும் அந்த ஒரு வீரரை மட்டும் பின்தொடர்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துணுக்கையும் மூன்று முறை பாருங்கள்.

முதல் முறை கால்களைப் பாருங்கள். பந்து எடுக்கப்பட்ட நொடியில் அவர் எப்படிப் புறப்படுகிறார் என்பதை ரிலீஸ் என்பார்கள். எதிரே நிற்பவர் கையை நீட்டும்போது அந்தக் கையைத் தட்டிவிட்டு நகர்கிறாரா, அல்லது ஓரத்தை நோக்கி வளைந்து ஓடித் தனக்கிருந்த இடத்தைத் தானே இழக்கிறாரா? பல பள்ளிக் கார்னர்பேக்குகள் வேகத்துக்கு அஞ்சி 7, 8 யார்டு தள்ளியே நிற்பதால், நெருங்கி நின்று தடுக்கப்பட்ட துணுக்கு ஓர் ஆட்டத்தில் மூன்று நான்குதான் கிடைக்கலாம். அவற்றைத் தேடிப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் அவர் நாள்தோறும் சந்திக்கப்போவது அதைத்தான்.

இரண்டாம் முறை, அவர் திசை மாற்றும் இடத்தைப் பாருங்கள். ரிசீவர் ஓட வேண்டிய பாதைக்கு ரூட் என்று பெயர். நேராக ஓடி நின்று திரும்புவது, உள்பக்கம் சாய்ந்து வெட்டுவது, வெளிக்கோட்டை நோக்கி மடங்குவது என அதில் பல வகைகள் உண்டு. முழு வேகத்தில் ஓடுபவர் எத்தனை அடிகளில் நிற்கிறார், நிற்பதற்கு முன் நிமிர்ந்து தன் நோக்கத்தை எதிரிக்குக் காட்டிவிடுகிறாரா, இடுப்பைத் தாழ்த்தித் திரும்புகிறாரா என்று கவனியுங்கள். குவாட்டர்பேக்கின் கையைவிட்டுப் பந்து புறப்படும் கணத்தில் காட்சியை நிறுத்தி, கார்னர்பேக்குக்கும் இவருக்கும் இடையே எத்தனை யார்டு இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த இடைவெளி வெறும் வேகத்தால் வந்ததா, அசைவால் வந்ததா என்பதே இவ்விளக்கத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். வேகத்தால் மட்டும் விலகியவர், தன்னைப் போலவே வேகமுள்ள கார்னர்பேக்குகளைக் கல்லூரியில் சந்திக்கும்போது திணறுவார். அசைவால் விலகுபவருக்கு அங்கும் வழி கிடைக்கும்.

மூன்றாம் முறை கைகளைப் பாருங்கள். பந்தை உடலிலிருந்து விலக்கிக் கையாலேயே பிடிப்பவரா, மார்பில் அணைத்துப் பிடிப்பவரா? ஓரக்கோட்டுக்கு அருகே பிடிக்கும்போது கல்லூரி விதிப்படி ஒரு கால் உள்ளே பட்டால் போதும். என்எஃப்எல்லில் இரண்டு கால்களும் படவேண்டும். பள்ளிப் பருவத்திலேயே இரண்டு கால்களையும் உள்ளே வைத்துப் பிடிக்கும் மாணவரைக் கண்டால், அதை உங்கள் குறிப்பில் அடிக்கோடிடுங்கள்.

பந்து வேறொருவரிடம் போகும்போது அவர் எதிரியைத் தடுக்கிறாரா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

படி 4: எண்களை அவற்றின் சூழலோடு சேர்த்துக் கூறுங்கள்

40 யார்டு ஓட்ட நேரத்தை ரசிகர்கள் மிகவும் விரும்புகிறார்கள். ஆனால் கையால் அழுத்தும் கடிகாரத்தில் அளந்த நேரம், மின்னணு முறையில் அளந்ததைவிடக் குறைவாகவே வரும் என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. அந்த மாணவர் தடகளத்திலும் பங்கேற்பவராக இருந்தால், 100 மீட்டர் ஓட்டத்தில் மின்னணுக் கடிகாரத்தில் பதிவான நேரமே நம்பத்தக்கது; பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல் எடையைக் காட்டி வாதத்தை முடிப்பவர்களுக்கு டெவான்டா ஸ்மித்தின் 2020ஆம் ஆண்டை நினைவூட்டலாம். சுமார் 170 பவுண்டு எடையே இருந்த அவர், அலபாமா அணிக்காக 117 பந்துகளைப் பிடித்து 1,856 யார்டுகளும் 23 டச்டவுன்களும் எடுத்து, 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பின் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்ற முதல் வைட் ரிசீவரானார்.

மொத்த யார்டுகளைவிடப் பங்கைக் கணக்கிடுவது நல்லது. உதாரணத்துக்கு, 3,600 யார்டுகள் எறிந்த அணியில் 1,200 எடுத்தவரின் பங்கு மூன்றில் ஒன்று. 1,800 யார்டுகள் மட்டுமே எறிந்த அணியில் 900 எடுத்தவரின் பங்கு பாதி. இரண்டாமவரின் எண் சிறியது, ஆனால் எதிரிகள் அனைவரும் அவரையே குறிவைத்திருந்தும் எடுத்த எண் அது.

படி 5: செவன்-ஆன்-செவன் காட்சிகளுக்கு அளவோடு மதிப்புக் கொடுங்கள்

அணிக்கு 7 பேராக ஆடும் கோடைக்காலப் போட்டிகளில் பெரிய தடுப்பாளர்கள் இல்லை, குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர் இல்லை, முழு வேகத்தில் மோதி வீழ்த்துவதும் இல்லை. ரூட் ஓடும் நேர்த்தியையும் கைகளையும் அங்கே நன்றாகக் காணலாம். அடி வாங்கிக்கொண்டு பந்தைப் பிடிக்கும் துணிவை அங்கே காண முடியாது.

படி 6: அவர் சேரப்போகும் அணியையும் எடைபோடுங்கள்

ஜெஃபர்சனை மீண்டும் எடுத்துக்கொள்வோம். 2018இல் அவர் 54 பந்துகளில் 875 யார்டுகள் எடுத்தார். 2019இல் லூசியானா ஸ்டேட் தன் தாக்குதல் முறையை மாற்றி, அவரைப் பெரும்பாலும் ஸ்லாட்டில் நிறுத்த, ஜோ பரோ எறிந்த பந்துகளில் 111 பிடித்து 1,540 யார்டுகள் எடுத்தார். அதே அணியின் ஜமார் சேஸ் 1,780 எடுத்தார். அதே கைகள், அதே கால்கள், மாறியது முறை. ஆகவே அணி எத்தனை முறை எறிகிறது, எறியப்போகும் குவாட்டர்பேக் யார், ரிசீவர் பயிற்சியாளர் இதற்கு முன் யாரை வளர்த்திருக்கிறார் என்ற மூன்றையும் விசாரிக்காமல் ஒரு மாணவரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

அவருக்கு முன்னே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் வில்சனுக்கும் ஒலாவேக்கும் பின்னால் காத்திருந்த ஜேம்சன் வில்லியம்ஸ், அணி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக அலபாமா சென்று 2021இல் 1,572 யார்டுகளும் 15 டச்டவுன்களும் எடுத்தார். அவரைப் பற்றி ரசிகர்கள் செய்த கணிப்பு பலித்தது; ஆனால் அப்போது அவர் வேறு அணியின் சட்டையில் இருந்தார். இடமாற்றம் எளிதாகிவிட்ட இக்காலத்தில், மாணவ வீரர்கள் தம் பெயர் மற்றும் உருவ உரிமையால் பெறும் வருமானம் 2021 ஜூலை முதல் அனுமதிக்கப்பட்டுவிட்ட நிலையில், "இவர் நல்ல ரிசீவராவாரா" என்பதும் "இவர் நம் அணியிலேயே நல்ல ரிசீவராவாரா" என்பதும் இரண்டு தனித்தனி வாதங்கள்.

படி 7: வாதத்தை எழுதுங்கள்

நல்ல வாதத்தில் அவர் நிற்கப்போகும் இடம், நீங்கள் கண்ட சான்று, கால அளவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். "இவர் அடுத்த ஜெரமையா ஸ்மித்" என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "நான் பார்த்த இரண்டு முழு ஆட்டங்களில் அவரை நெருங்கி நின்று தடுத்த துணுக்குகள் 9; அவற்றில் 6இல் கையைத் தட்டி உள்பக்கம் சென்றார். உள்வெட்டில் தாமதமின்றித் திரும்புகிறார், ஆனால் நின்று திரும்பும் ரூட்டில் நான்கு அடி எடுக்கிறார். முதல் ஆண்டில் ஸ்லாட்டிலும், இரண்டாம் ஆண்டிலிருந்து இசட் இடத்திலும் ஆடுவார்." இதை மறுக்க விரும்புபவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் மறுக்க முடியும், அப்போது வாதம் இருவருக்கும் பாடமாகிறது.

எழுதும்போது, நாம் பேசுவது 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி என்பதை மறக்கவே கூடாது. கையொப்பமிடும் நாள் வரை, ஓர் அணியில் சேர்வதாக அவர்கள் தரும் கமிட் என்ற வாய்ச்சொல் அவர்களைக் கட்டுப்படுத்தாது. 2021 டிசம்பரில், 2022ஆம் ஆண்டு வகுப்பின் முன்னணி வீரரான டிராவிஸ் ஹன்டர், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குத் தந்திருந்த சொல்லை மாற்றிக்கொண்டு ஜாக்சன் ஸ்டேட்டில் கையொப்பமிட்டார். அந்த உரிமை விதிப்படியே அவருக்கு இருந்தது. ஒரு மாணவரின் ரூட்டைக் குறை கூறுங்கள், கைகளைக் குறை கூறுங்கள். முடிவை மாற்றிக்கொண்டதற்காகப் பிள்ளையையும் பெற்றோரையும் ஏசுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

படி 8: தேதியிட்டு வைத்துப் பயிற்சி செய்யுங்கள்

எழுதிய குறிப்பில் தேதியைப் போட்டுப் பாதுகாத்து, மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்துப் படியுங்கள். அதுவரை காத்திருக்காமல் இன்றே தொடங்க ஒரு பயிற்சியும் சொல்கிறேன். 2022 ஜனவரி 1 அன்று ஒஹாயோ ஸ்டேட் யூட்டாவை 48–45 என வென்ற ரோஸ் பவுல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்சனும் ஒலாவேயும் அன்று ஆடவில்லை. ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 15 பந்துகளைப் பிடித்து 347 யார்டுகள் எடுத்தார். ஆனால் காயங்களால் ஆள் குறைந்திருந்த யூட்டா, வழக்கமாகப் பந்தைச் சுமந்து ஓடும் வீரர் ஒருவரைக் கார்னர்பேக்காக நிறுத்தியிருந்தது. 15 பிடிப்புகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எத்தனை அவருடைய அசைவால் வந்தவை, எத்தனை எதிரியின் பலவீனத்தால் வந்தவை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். எழுதி முடித்தபின், 2023 டிராஃப்டுக்கு முந்தைய தேர்வு முகாமில் அவர் 40 யார்டு ஓடாமலேயே திசைமாற்ற ஓட்டங்களில் முன்னணி நேரங்களைப் பதிவுசெய்து, 20ஆம் தேர்வாக, அந்த டிராஃப்டின் முதல் வைட் ரிசீவராகச் சியாட்டில் அணிக்குச் சென்றார் என்ற தகவலை உங்கள் இரண்டு பத்திகளுக்கு அருகே வைத்துப் பாருங்கள்.