இலங்கைக்கு எந்த மாதம் போவது? ஆட்கள் விடாமல் செய்யும் தவறுகள்

குடை எடுத்துக்கொள்ளுங்கள், நுவரெலியாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இலங்கைக்குள் வான் ஏற்பாடு செய்து, ரூம் போட்டுக் குடும்பங்களைச் சுற்றிக்காட்டுவது என் தொழில். புதிதாக இதற்குள் வருகிற பிள்ளைகள் போடும் பயணத் திட்டங்களைப் பார்க்கிறேன். நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தாங்களே திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் அப்படித்தான்.

"இலங்கைக்கு சீசன் எப்போது?" என்று கேட்பது

அதிகம் பணத்தைத் தின்பது இந்தக் கேள்விதான். கேட்டாலே இன்றைக்கும் எரிச்சல் வரும். மொத்த நாட்டுக்கும் சேர்த்து ஒரு சீசன் கிடையாது. தீவு சின்னதுதான், ஆனால் நடுவில் மலை நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, பெந்தோட்டை, காலி, இரத்தினபுரிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டும்போது ஈரத்தை இழந்துவிடும். அதே மாதங்களில் கிழக்கே மட்டக்களப்பில் அடிப்பது கச்சான் என்கிற காய்ந்த மேல்காற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றின் முறை. அப்போது நனைவது திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பை. அதற்கு முன்பே அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலில் தாழமுக்கங்கள் உருவாகி வடக்கையும் கிழக்கையும் ஊறவைத்துவிடும்.

ஒரு டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ‘டிசம்பர் முதல் மார்ச் வரை இலங்கைக்கு உகந்த காலம்’ என்று எங்கோ படித்துவிட்டு, கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் கடலைப் பார்த்த ரூம்களாகப் பதிவு செய்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டது வானுக்கு மட்டும். பாதி விலை, ஆனால் கட்டிய பணம் திரும்பாது. ஏன் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெற்குப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று போனிலேயே சொன்னேன். "பணம் கட்டியாச்சே தம்பி" என்றார் பெரியவர்.

போய் இறங்கினால் கடல் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது. கரையில் இருக்க வேண்டிய சாய்வு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கடல் தெரிகிற பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் திரை இறக்கியிருந்தது. அது படபடவென்று அடித்த சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. பிள்ளைகள் ரூமுக்குள் டிவி பார்த்தார்கள். மூன்றாம் நாள் மிச்சப் பணத்தை மறந்துவிட்டு, தெற்கே காலிக்குப் பக்கத்தில் இருக்கிற உனவட்டுனவுக்குக் கிளம்பினோம். அங்கே நல்ல வெயில். ஆனால் கிறிஸ்மஸ் நேரம், கடைசி நிமிடம். ரூம் விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே விடுமுறைக்கு இரண்டு வாடகை.

எரிச்சல் எதனால் என்றால், சென்னைக்காரருக்கு இது தெரியாத மழையே இல்லை. வேளச்சேரியில் தண்ணீரை நிற்க வைக்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான். கேரளத்தில் ஜூனில் பெய்வதும் காலியில் பெய்வதும் ஒரே காற்றின் வேலை. ஊரில் இருக்கும்வரை தெரிந்த விஷயம் விமானம் ஏறியதும் மறந்துபோகிறது.

மே விடுமுறைக்கு வருகிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்து பெந்தோட்டையில் போய் நனைகிறார்கள். அந்த நேரத்தில் கிழக்கே நிலாவெளிக் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். புறாத்தீவுக்குப் படகு ஓடும். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், கரையை அப்புறம் பார்க்கலாம். டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை தெற்கும் மேற்கும், மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு. இரண்டு கரையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தால், சரி, மார்ச்சில் வாருங்கள்.

மலைநாட்டை ஒரே துண்டாக நினைப்பது

ஜூலையில் மேற்குச் சரிவில் ஹட்டன் பக்கம் நாள் முழுக்கத் தூறும். நுவரெலியாவிலும் பனிமூட்டம். ஹக்கலையைத் தாண்டி வெலிமடைக்கு இறங்க ஆரம்பித்தால் கொஞ்ச தூரத்திலேயே வைப்பரை நிறுத்திவிடலாம். கீழே உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பண்டாரவளை, எல்ல எல்லாம் அந்தக் காய்ந்த பக்கம்தான். ஆண்டு முடிவில் கதை மாறும். எல்லவுக்கு மழை வரும். நுவரெலியாவில் ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு.

கொழும்பு வானிலையைப் பார்த்துப் பெட்டி கட்டுவது

அது கொழும்புக்கு மட்டும்தான் பொருந்தும்.

மழை மாதம் என்றாலே பயணத்தை ரத்து செய்வது

இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல், இடியோடு வரும். சிகிரியாவைக் காலையிலேயே ஏறி இறங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. இடி இடிக்கும்போது அந்த மொட்டைப் பாறை உச்சியில் நிற்கக் கூடாது.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். தென்மேற்குப் பருவம் தொடங்குகிற மே மாதத்தில் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைச் சரிவுகளில் மண் சரியும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே சரிந்து கிராமங்களை மூடியது. 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், அந்தப் பாதை வேண்டாம் என்று ஓட்டுநர் சொல்வதைக் கேளுங்கள். பேரம் பேசாதீர்கள்.

மழையை மட்டும் பார்ப்பது

யால சரணாலயத்தின் முக்கியப் பகுதியைப் பல வருடங்களில் செப்டம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். அது மழைக்காக அல்ல, வறட்சிக்காக. அதே வறட்சியில் மின்னேரியாக் குளம் வற்றிப் புல் முளைக்கும், யானைகள் கூட்டமாக வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் போய்ப் பாருங்கள். சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைப் பருவம். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு எரியாது, காற்று ஆளைத் தள்ளும், அட்டைப்பூச்சி வேறு. நல்லூர்த் திருவிழாவுக்கு ஆகஸ்டில் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் மதியத்தை வெயிலுக்கு விட்டுவிட்டுக் காலையும் மாலையும் கோயிலுக்குப் போங்கள்.

ஏப்ரல் நடுப்பகுதி

சித்திரைப் புத்தாண்டு. கடைகள் பூட்டு, ஓட்டுநர்கள் ஊரில், நுவரெலியாவில் ரூம் இல்லை.