டயப்பர் புண் ஆய்வு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் குழந்தைகளின் தோல் குறித்து ஆய்வு செய்ய வரும் பட்டமேற்படிப்பு மாணவர்களின் பதிவேடுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் விடுபடுவது போன்ற சறுக்கல்களை நெறிமுறைக் குழுவே பிடித்துவிடும் என்பதால், நானே செய்து நட்டப்பட்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

“மருந்து ஏதும் போட்டீங்களாம்மா?”

என் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பும் மறுபிரிவினருக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் கொடுத்து, ஒவ்வொரு வருகையிலும் இந்தக் கேள்வியைக் கேட்டு, “இல்லீங்க” என்ற பதிலைக் குறித்துக்கொண்டேன். இரு பிரிவிலும் புண் ஒரே வேகத்தில் ஆறியது. களிம்புகளுக்குள் வேறுபாடு இல்லை என்று எழுதவிருந்த வேளையில், மேலூர்ப் பக்கமிருந்து பேரனைத் தூக்கி வந்த அம்மாச்சி ஒருவர் பையில் பால்புட்டியைத் தேட, பாதி பிதுக்கிய டியூப் ஒன்று கீழே விழுந்தது. கிளோபெட்டசால் என்ற வீரியமிக்க ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீம் அது. கேட்டதற்கு, “அது மருந்து இல்லீங்க, படைக்குப் போடுற கிரீமு” என்றார். மற்ற வீடுகளிலும் விசாரித்தபோது இதே கதைதான். எட்டு மாத உழைப்பு வீணாயிற்று.

டாக்டர் எழுதிக் கொடுப்பதையே மருந்து என்று எண்ணும் வீட்டில், தேங்காயெண்ணெய், பவுடர், கடைக் கிரீம் எல்லாம் குளிப்பாட்டலில் அடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஸ்டீராய்டு சிவப்பை விரைவில் தணித்து, புண்ணின் தீவிரத்துக்கு நாம் இடும் மதிப்பெண்ணைக் கெடுக்கிறது. டயப்பருக்குள் மூடிக் கிடக்கும் மெல்லிய தோலோ அதைக் கூடுதலாக உறிஞ்சுவதால், தோல் மெலிவதோடு, உடலுக்குள் ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் செயல் ஒடுங்கக்கூடும். 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, டாக்டர் சீட்டிருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச் அட்டவணையில் சேர்த்த பிறகும் சீட்டில்லாமல் அவை கைக்கு வந்துவிடுகின்றன என்பதை இன்றும் எரிச்சலோடுதான் பார்க்கிறேன். “குளிப்பாட்டினதும் என்னென்ன பூசுவீங்க?” என்று, குழந்தையைக் குளிப்பாட்டுபவரிடமே கேளுங்கள். பையையும் மேசைமேல் கொட்டச் சொல்லுங்கள்.

தொடை இடுக்கை விரித்துப் பார்க்காமை

சிறுநீரிலுள்ள யூரியாவை மலத்து நுண்ணுயிரிகளின் யூரியேஸ் நொதி அமோனியாவாகச் சிதைப்பதால் தோலின் அமிலத்தன்மை குறைந்து, மலத்திலுள்ள, புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் புரோட்டியேஸ், லிப்பேஸ் நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. இவ்வகை அழற்சி டயப்பர் படும் மேடுகளில் தோன்றும். மடிப்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். மடிப்புக்குள் அடர்சிவப்பும் அதைச் சுற்றிச் சிதறிய சிறு கொப்புளங்களும் தெரிந்தால் கேண்டிடா பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குழந்தையை, ஈரம் படாமல் தோலைக் காக்கும் தடுப்புக் களிம்புகளின் ஆய்வில் சேர்க்காமல் சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

களிம்பு கொடுத்தவரே மதிப்பெண் இடுவது

கூடவே கூடாது.

பிந்திய பதிவு

சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு, முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சித்திரை

அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மறுவருகை வைக்காதீர்கள். கோரிப்பாளையத்தைத் தாண்டி வருபவர்கள் மிகச் சிலரே. அவர்களிடமும் விடியற்காலையிலிருந்து ஒரே டயப்பரோடு கூட்டத்தில் நின்ற குழந்தையின் தோலைத்தான் காண்பீர்கள்.